கலப்படமில்லாத பயம்

காலை ஐந்து நாற்பதுக்குப் போன் வந்தபோது, ஹொரிகாவா மசுமி மழலையர் பள்ளிப் பேருந்தின் சக்கரத்துக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இடது முன் சக்கரம், சரி!"

சுற்றிலும் யாரும் இல்லை. இருந்தாலும் அதே சத்தத்தில்தான் சொல்லியிருப்பார். ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவர் வண்டி நகரும். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு மஞ்சள் நிறக் குட்டிப் பேருந்துக்கு மாறினார், விரல் மாறவில்லை. வீட்டில் அடுப்பை அணைத்தால் "காஸ் சரி!", குளியல் தொட்டி நிறைந்தால் "தண்ணி சரி!" குள்ளமான பெண்மணி, வயது அறுபத்து நான்கு, கையில் எப்போதும் வெள்ளைக் கையுறை.

அழைத்தது கயோகோ. கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காவில் 'ராஜாளி' என்ற ரோலர் கோஸ்டருக்குப் பொறுப்பாளர்.

"மசுமிசான், உக்காந்திருக்கீங்களா, நிக்கறீங்களா?"

"குனிஞ்சிட்டிருக்கேன். சொல்லு."

"ராஜாளிக்கு வருஷாந்தரச் சோதனையை முன்கூட்டியே வச்சுட்டாங்க. நாளையிலேர்ந்து நாப்பது நாள் ஓடாது."

மசுமி நிமிர்ந்தார். அவருடைய பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ராஜாளியின் வாசலில், உயர அளவுகோலுக்குப் பக்கத்தில், பணிவான எழுத்தில் ஒரு பலகை உண்டு: அறுபத்தைந்து வயது நிரம்பியவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும். தயவுசெய்து என்று எழுதியிருந்தாலும் விடமாட்டார்கள்.

"அப்ப இன்னிக்குதான்."

"இன்னிக்கேதான். அஞ்சு மணிக்கு மூடிடுவோம். அதுலயும் மத்தியானத்துக்கு மேல காத்து அடிக்கும்னு வானிலைல சொல்றாங்க. சீக்கிரம் வந்து சேருங்க."

மசுமி போனைப் பையில் போட்டுவிட்டு வலது பக்கத்துக்கு நடந்தார். "வலது முன் சக்கரம், சரி!" என்றபோது குரல் ஒரு படி மேலே போயிருந்தது.

அன்று காலைச் சுற்றில் பதினெட்டுக் குழந்தைகள். ஒரு திருப்பத்திலும் ஒரு தலைகூட ஆடவில்லை. மசுமி ஓட்டும் வண்டியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது என்று பழைய டிப்போவில் பேர். ஆனால் மூன்றாவது சிக்னலில் முன்சீட்டுக் குழந்தை ஒன்று உற்றுப் பார்த்துக் கேட்டது: "பஸ் அத்தை, இன்னிக்கு ஏன் பாடிட்டே ஓட்டறீங்க?"

"பாடறேனா?"

"நான் ஏறினதுலேர்ந்து பாடறீங்க."

மத்தியானச் சுற்றை வேறு யாராவது ஓட்டினால்தான் போக முடியும். மசுமி திடீர் விடுப்புக் கேட்டதே இல்லை. தலைமையாசிரியை செகாவாவின் அறைவாசலில் நின்று, ரோலர் கோஸ்டர் என்ற சொல்லை வாய்க்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்தார். வெளியே வந்ததோ வேறு. "குடும்ப விஷயமா, மத்தியானம் கொஞ்சம்..."

செகாவாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றார். "பிப்ரவரியில உங்க வீட்டுக்காரரு... இன்னிக்கு ஏதோ நினைவு நாள் போல. நாங்கல்ல ஞாபகம் வச்சிருக்கணும்! மன்னிச்சிடுங்க." சொல்லிக்கொண்டே ஆழமாகக் குனிந்து வணங்கினார். இல்லை என்று சொன்னால் அவருக்கு அவமானம். மசுமி இன்னும் ஆழமாகக் குனிந்தார். செகாவா அதைவிட ஆழமாக. இரண்டு தலைகளும் மேசை விளிம்புக்கு இறங்கி ஏறி முடிந்தபோது, மத்தியான வண்டி செகாவாவின் தம்பியின் பொறுப்பாகியிருந்தது. கூடவே ஊதா நிறத் தாளில் சுற்றிய ஓர் ஊதுபத்திப் பெட்டி மசுமியின் கையில் இருந்தது. "படத்துக்கு முன்னால எங்க சார்பாவும் ஒண்ணு ஏத்திடுங்க."

அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பன்னிரண்டரை மணி ரயிலைப் பிடிக்க ஓடினார்.

"என்ன அது கைல?" என்றார் கயோகோ, ராஜாளியின் மேடையில்.

"ஊதுபத்தி."

"எதுக்கு? வண்டிக்குப் பூசை போடவா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவரு இருந்திருந்தா இந்நேரம் முகம் சோயாப்பால் மாதிரி வெளுத்திருக்கும்."

உண்மைதான். கியோஷி மாநகரக் குடிநீர்த் துறையில் இருந்தவர். ஏணியில் மூன்றாவது படி ஏறினால் பேச்சு நின்றுவிடும். இருபத்திரண்டு வருடம் மசுமி மேலே பறக்க, அவர் கீழே பானம் விற்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார், மசுமியின் மூக்குக்கண்ணாடியைக் கோழிக்குஞ்சுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. வாங்களேன் என்று கூப்பிட்டால் ஒரே பதில்தான்: "ரெண்டு பேரும் மேல போயிட்டா போலீசுக்கு யாரு சொல்றது?"

முன்வரிசையில் மசுமிக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் அலுவலகக்காரர் வந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்த சகாக்கள் அவரைத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல்முட்டிகள் வெளுத்திருந்தன.

"அம்மா, இது பத்திரம்தானே?"

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவ சொல்றேன் கேளுங்க. பஸ்ல யாரும் பயப்படறதில்ல, ஆனா ஆபத்து சிக்னலுக்குச் சிக்னல் நின்னுட்டிருக்கு. இங்க ஆபத்து இல்ல. பயம் மட்டும்தான். சுத்தமான பயம், கலப்படமே கிடையாது. இது வேற எங்க கிடைக்கும்?"

"எனக்கு எதுக்கு அது?"

"இறங்கினப்புறம் சொல்லுங்க."

சங்கிலி டக்டக்கென்று இழுத்தது. ஏறஏறக் கடல் அகலமானது. சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி, எண்ணெய்க் கப்பல், துணி காயும் மாடிகள் எல்லாம் கீழே போயின. உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில்தான் மசுமி வெள்ளைக் கையுறை விரலை நீட்டுவார்.

"முன்னால் சரி! வலது சரி! இடது சரி!" பிறகு, பழைய ஒலிபெருக்கிக் குரலில்: "பயணிகள் கவனத்துக்கு. வண்டி சற்றுக் கீழ்நோக்கிச் செல்லும்."

அலுவலகக்காரர் சிரிக்க வாயைத் திறந்தார். உலகம் காலடியிலிருந்து உருவப்பட்டது. வயிறு தொண்டைக்கு வந்தது, காற்று கன்னத்தை அறைந்தது, கடல் செங்குத்தாக எழுந்து முகத்துக்கு நேராக வந்தது. அந்த விழுதலின் நடுவில் மசுமி அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"ஏங்க! வெந்நீர் மெஷின் மறுபடியும் கத்துதுங்க!"

இறங்கும்போது அலுவலகக்காரரின் கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. கண்ணெல்லாம் நீர். "இன்னொரு வாட்டி," என்று சகாக்களை இழுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினார். "நீங்க யார்கிட்டம்மா கத்தினீங்க?" என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அங்கே எல்லாரும்தான் கத்துகிறார்கள்.

மசுமிக்கு வேண்டியதும் அதுதான். அவருடைய அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பிப்ரவரியில், ஈமச்சடங்கில், அவர் குரல் ஒரு முறைகூட உயரவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் தனியாக ராஜாளியில் ஏறிய அன்றுதான், முதல் சரிவில், தானாக அந்த "ஏங்க!" வெடித்து வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு விடுமுறை நாளிலும் வந்து, ஒரு சரிவுக்கு ஒன்றாகச் சொல்லி வந்தார். டிவி ரிமோட்டை எங்க வச்சீங்க. மேல்வீட்டு நாய்க்குக் குட்டி பொறந்திருக்கு. உங்க சட்டை அளவு யாருக்குமே சேரல.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது பேருந்தில் பதினேழு குழந்தைகள் இருந்தார்கள். கூட வந்த ஆசிரியை போனை எடுத்துக் காதோரம் சொன்னார். மசுமி ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் அதன் அம்மா கையில் ஒப்படைத்து, அதே வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டி முடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கியோஷியின் உயிர் பிரிந்து இருபது நிமிடம் கடந்திருந்தது. அதை அமைதியான அறையில், படத்துக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார், பிறந்தநாள்வரை நாள் இருக்கிறதென்று.

இரண்டாவது சுற்றில் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வெளியே வந்தது. மூன்றாவது சுற்றுக்கு ஏறப்போகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மணி இரண்டு ஐம்பது.

"காத்து எல்லையைத் தாண்டிடுச்சு," என்றார் கயோகோ. "குறையறவரைக்கும் வண்டியை விடமாட்டேன்."

"எனக்காகக் கூடவா?"

"உங்களுக்காகத்தான். அறுபத்தஞ்சு ஆக வேணாமா?"

வரிசை கலைந்தது. அலுவலகக்காரர்கள் தலைகுனிந்து விடைபெற்றுப் போனார்கள். மசுமி மேடைப் படியில் உட்கார்ந்து, கம்பத்து உச்சியில் பேய்பிடித்ததுபோல் சுழன்ற, காற்றின் வேகம் அளக்கும் கிண்ணங்களையே பார்த்தார். மூன்றரை. நான்கு. கயோகோ மீன் வடிவப் பணியாரம் ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

"சாப்பிடுங்க. மொறைச்சா காத்து நிக்குமா?"

"மொறைக்கல. கெஞ்சறேன்."

"மூஞ்சி அப்படித் தெரியல."

நான்கு இருபத்தைந்துக்குக் கிண்ணங்கள் தளர்ந்தன. கயோகோ காற்று வேகம் காட்டும் எண்ணைப் பார்த்தார், ஒரு நிமிடம் காத்திருந்தார், மறுபடி பார்த்தார். காலி வண்டி ஒன்று சோதனைக்குப் போய்த் திரும்பியது. பச்சை விளக்கு எரிந்தது. மசுமி எழுந்த வேகத்தில் ஊதுபத்திப் பெட்டி படியில் உருண்டது. கயோகோ பாய்ந்து பிடித்தார்.

முன்வரிசையில் அவர் மட்டும். சங்கிலி இழுத்தது. கடலில் வெயில் சாய்ந்து செம்பாகக் கிடந்தது. உச்சி. தயக்கம்.

"முன்னால் சரி! வலது சரி! இடது..."

இந்த முறை அறிவிப்பு இல்லை. வண்டி கவிழ்ந்தது.

"ஏங்க! இருபது நிமிஷம் லேட்டாயிடுச்சுங்க! பிள்ளைங்க இருந்தாங்க! விட்டுட்டு வர முடியலைங்க! மன்னிச்சிடுங்க!"

வளைவு அவரை வலப்பக்கம் தூக்கி எறிந்தது, இடப்பக்கம் எறிந்தது, யாரோ தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் உலுக்கியது. முப்பத்தொரு வருடம் ஒருவரையும் குலுக்காத அந்த உடம்பு ஒவ்வொரு குலுக்கலையும் வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே, உரக்கச் சிரித்தது. மேடைக்கு வந்து நின்றபோது தலைமுடி கடல்பாசி போல் நாலாபக்கமும் நின்றது.

"என்னமோ கத்தினீங்களே, பூங்கா முழுக்கக் கேட்டுது," என்றார் கயோகோ.

"கேட்டுச்சா?"

"வார்த்தை புரியல."

"உனக்குப் புரிய வேணாம்."

கயோகோ பயணிகள் கருத்து அட்டை ஒன்றையும் பென்சிலையும் வாசல் மேசையில் வைத்தார். "முடியை ஒதுக்கிட்டு உக்காருங்க. சும்மா இருக்கற நேரத்துல இதையாவது எழுதிக் குடுங்க, எனக்கு நல்ல பேரு வரும்."

மசுமி நேராக உட்கார்ந்து, பரீட்சை எழுதுவதுபோல் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் பென்சில் முனையால் சுட்டி முணுமுணுத்தார்: "பேரு, சரி. ஊரு, சரி." கடைசி வரிக்கு வந்தபோது மேடையிலிருந்து கயோகோவின் குரல் ஒலிபெருக்கியில் வெடித்தது.

"இன்றைய கடைசி வண்டி! மசுமிசான், முன்வரிசை காலியா இருக்கு, வர்றீங்களா இல்லையா?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வெள்ளைக் கையுறைகள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே போயின.

அட்டையில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, எத்தனை முறை வந்திருக்கிறீர்கள் என்பதற்கு 'கணக்கில்லை' என்று இருந்தது. வயது என்ற கட்டத்தில் 6 என்ற எண் மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த எண் எழுதப்படவில்லை.