மடி வேஷ்டிக்குக் கீழே பூண்டு

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டபோது, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார மாமி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "உங்க தளிகையில வெங்காயம், பூண்டு எது வேணாலும் போட்டுக்கோங்கோ. அது உங்க வாசப்படியோட நிக்கட்டும். மொட்டை மாடிக்கு வரப்படாது. மாமாவோட மடி வேஷ்டி அங்கதான் உலர்றது."

நனைத்துப் பிழிந்து, யார் கையும் படாமல் உலர்த்தி, மாமா பூஜைக்குக் கட்டிக்கொள்ளும் வேஷ்டி அது. நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருபத்தைந்து வருடக் கல்யாண அனுபவம் உண்டு.

பிறகு எனக்குத் தக்காளிப் பைத்தியம் பிடித்தது. மாமியிடம் கேட்டு மொட்டை மாடி மூலையில் நான்கு பைகளில் செடி வைத்தேன். பூ விடும் நேரத்தில் இலைக்கு அடியில் வெள்ளை ஈ. தொட்டால் கோலமாவு போலப் பறந்தது. பதறிப்போய்க் கைபேசியில் தேடினேன். தக்காளிக்குத் துணைச்செடி வேண்டுமாம். ஒருவர் துளசி வை என்றார். இன்னொருவர் துளசியா, கூடவே கூடாது என்றார். ஒருவர் செண்டுமல்லி என்றார். அடுத்தவர் அது இடத்தை அடைக்கும் என்றார். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் மனைவி தப்பித்திருப்பாள். அத்தனை பேரும் ஒத்துக்கொண்டது ஒன்றைத்தான்: பூண்டு.

"ஏங்க, வேணாம். இருக்குற வீட்டைக் கெடுத்துக்காதீங்க," என்றாள் மனைவி.

"முளைச்சா புல்லு மாதிரி இருக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

தக்காளியைச் சுற்றிப் பூண்டுப் பற்களை ஊன்றினேன். பத்து நாளில் பட்டைபட்டையாக இலை விட்டது. பதினோராம் நாள் மாமி வந்து நின்றார்.

"இது என்ன செடி?"

காலி செய்த வீடு, வாசலில் லாரி, படியில் இறங்காமல் சிக்கிக்கொண்ட பீரோ எல்லாம் என் கண்முன் ஓடின. வாய் தன் போக்கில் பேசியது. "சம்பங்கி, மாமி."

மாமியின் முகம் மலர்ந்தது. "வைகுண்ட ஏகாதசிக்குள்ள பூத்துடுமோ? முதல் பூ எங்காத்துப் பெருமாளுக்கு!"

மறுநாளிலிருந்து மாமி செம்போடு வந்து பூண்டுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். நான் மாடிப்படி ஓரமாக நின்று நகம் கடிப்பேன். கீழே மாமா விடாமல் தும்முவது கேட்கும். மார்கழிப் பனி என்று நினைத்துக்கொள்வேன்.

"மொட்டே காணமே?" என்பார் மாமி.

"மண்ணு புதுசு இல்லீங்களா, மாமி."

ஏகாதசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பூக்கடையில் தண்டோடு ஒரு சம்பங்கி வாங்கி வந்து, பூண்டுக்கு நடுவில் குத்தி வைத்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பிள்ளைக்கு அப்பா செய்யுற காரியமா இது?"

காலையில் மாமி பூவைத் தொட்டதும் தண்டு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

"வேரையே காணோமே?"

"இது புது ரகம், மாமி."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போறும். பூண்டை ஆத்துல சேர்க்காதவாளுக்குத்தான் அந்த வாசனை முதல்ல தெரியும். முதல் நாள் தீர்த்தம் விட்டப்பவே தெரிஞ்சுடுத்து."

"அப்ப ஏன் மாமி சொல்லல?"

"நீங்களா சொல்வேள்னு பாத்தேன். நீங்க என்னடான்னா பூவே வெச்சுட்டேள்!"

அப்போதுதான் துணிக்கொடியைப் பார்த்தேன். வேஷ்டி இல்லை. எத்தனை நாளாக இல்லையோ, நான் பூண்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அன்னிலேருந்து கூடத்துல ஃபேனுக்குக் கீழதான் உலர்த்தறேன்," என்றார் மாமி. "இந்தப் பனியில எங்க காயறது? ஈரத்தைக் கட்டிண்டுதான் மாமா பெருமாள் முன்னாடி நிக்கறார். தும்மறது கேக்கலையோ?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. என் நடிப்பெல்லாம் அங்கேயே விழுந்துவிட்டது.

"வீட்டைக் காலி பண்ணிடவா, மாமி?"

"காலி பண்ணிட்டு மாடியை யார் அலம்பறது?"

பூண்டை மண்ணோடு அள்ளி எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாடியை மூன்று தடவை கழுவினேன். மூன்றாவது தடவை முடிந்ததும் மாமி ஒரு விரலால் தரையைத் தடவி, முகர்ந்து பார்த்து, "இன்னொரு தரம்," என்றார். நாலாவது தடவைக்குப் பிறகு அவரே நாலு செண்டுமல்லி நாற்றைக் கொண்டுவந்து தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

வெள்ளை ஈ இப்போது இரண்டிலும் உட்காருகிறது. வேஷ்டி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதற்குக் காவல் நான்தான். தூறல் விழுந்தால் அதைத் தொட்டு எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. படியில் நின்று "மாமி, மாமி!" என்று தொண்டை கிழியக் கத்தலாம். கத்துகிறேன்.