மேஜையில் விட்டுப்போன இதழ்கள்

எங்கள் வீட்டில் சண்டை போட நகையும் இல்லை, நிலமும் இல்லை. இருந்தது பல்கலைக்கழக நூலகத்தின் பட்ஜெட் ஒன்றுதான். நான் நிதிப் பிரிவு. அண்ணி நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவு. வருடா வருடம் நான் தொகையைக் குறைப்பேன், எந்த இதழின் சந்தாவை நிறுத்துவது என்று அண்ணி முடிவு செய்வார். அந்த வாரம் முழுக்க வீட்டில் எனக்கு மட்டும் கடைசியாகத்தான் பரிமாறுவார்.

அண்ணியின் முறை எளிமையானது. வாசகர்கள் படித்துவிட்டு மேஜையிலேயே போட்டுவிட்டுப் போன இதழ்களை மாலையில் எடுத்து அடுக்குவார். அடுக்கும்போது அந்த இதழின் பெயருக்கு எதிரே ஒரு கோடு. கோடு விழாத இதழுக்கு அடுத்த ஆண்டு சந்தா கிடையாது. கறார் என்றால் அப்படி ஒரு கறார். துறைத்தலைவர்களே வந்து குழைந்தாலும் மசியமாட்டார். "சிபாரிசு வேண்டாம் சார், வந்து படிக்கச் சொல்லுங்க" என்பார்.

இந்த வருடம் மண்புழுக்களைப் பற்றிய ஓர் இதழ் மாட்டிக்கொண்டது. ஒரு கோடுகூட விழவில்லை. நிறுத்தப் போவதாக அறிவிப்பு ஒட்டியதும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பதறிக்கொண்டு வந்தாள்.

"மேடம், இதை நிறுத்தினா என் ஆராய்ச்சியே நின்னுடும். வாரம் தவறாம படிக்கிறேனே!"

"பொய் சொல்லாதம்மா. மேஜைல ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லையே."

"படிச்சதும் எடுத்த இடத்துலயே வச்சுடுவேன் மேடம். நீங்க எதுக்கு வீணா அலையணும்னுதான்..."



வீட்டில் அண்ணி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்கா கவலை? நாலு கோடு நீங்களே போட்டுடுங்க அண்ணி. நான் கண்டுக்க மாட்டேன்."

"வாயை மூடு தம்பி. நிதிப் பிரிவுல உக்காந்துக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

சந்தாக் குழுவின் கூட்டத்தில் நானும் இருந்தேன். அண்ணி எழுந்து, சுற்றி வளைக்காமல், "நான் கணக்கெடுக்கிற முறையே தப்பு. இந்த இதழை நிறுத்தக் கூடாது" என்றார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. தலைவர் நல்ல மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பேராசிரியர் ஒருவர் சும்மா இருக்கமாட்டாமல், "அப்போ இத்தனை வருஷமா நிறுத்தினதெல்லாம்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அண்ணி உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளை நான் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு நடக்கும்போது என்னென்னவோ சமாதானம் சொன்னேன். தொகையைக் குறைத்தது நான்தானே, பழி என் தலையில் விழட்டும் என்றேன். எதையும் அவர் காதில் வாங்கவில்லை. தெருமுனையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடி நிறுத்தினப்போ மத்தவங்க யாரும் சண்டைக்குக்கூட வரலையே தம்பி," என்றார். "எடுத்த இடத்துல வைக்கிற பிள்ளைங்க. இதழ் இல்லைன்னதும் சத்தமில்லாம போயிருப்பாங்க."