உலகம் முடிவதற்குள் ஒரு கல்யாண ஓலை

1999 டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். முடிச்சூரில் காலையிலிருந்து மூன்று முறை நின்று, நான்காவது முறையாகப் பெய்துகொண்டிருந்தது மழை. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர், குடைகள் பதினொன்று. பேச வேண்டியவன் நான். தலைப்பு, கவலைப்படாதிருத்தல்.

தலைப்பைக் கேட்டதும் என் மனைவி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சிரித்தாள். கேஸை மூடினோமா என்று தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்தவன் நான். ஆனாலும் என்னைப் பேசச் சொன்னதே அவள்தான். காரணம், அவள் தம்பி.

மச்சானுக்கு குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. இரண்டாயிரம் பிறந்தால் உலகம் முடிந்துவிடும் என்று எங்கேயோ கேட்டு வந்து, மகள் கல்யாணத்தை அந்தரத்தில் நிறுத்தியிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாள் ஜனவரி 12. எங்கள் கோயில் வழக்கப்படி, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடையிருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். அதற்குப் பெண்ணின் அப்பன் கையெழுத்திட்ட தாள் அன்று ஆறு மணிக்குள் போதகரிடம் போயாக வேண்டும். தவறினால் வேறு பெண் பார்த்துக்கொள்வதாக மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். கல்யாணப் பெண் எங்கள் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை போட்டோமா என்பது மறந்து மூன்று தடவை போட்டிருந்தாள் என்பது குடித்தபோது தெரிந்தது.

நான் ஆயத்தமில்லாமல் பேசுகிறவன் அல்ல. காகங்களைப் பாருங்கள், அவை விதைப்பதுமில்லை, சேர்த்து வைப்பதுமில்லை என்பதுதானே வசனம். சரிபார்த்துவிடலாம் என்று ஏழு நாள் காலையில் மொட்டை மாடியில் நாளுக்கு ஆறு இட்லி வைத்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். மொத்தம் அறுபத்தோரு காக வருகை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “இன்னா சார், நீங்க வேதக்காரங்களாச்சே, டெய்லி அமாவாசை கொண்டாடுறீங்க?” என்றார். வந்த காகங்களைத்தான் எண்ணினேன். இட்லி எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

அந்த வசனங்களை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று பேச்சைத் தொடங்கினேன். காகத்தையும் காட்டுப் பூவையும் பார், படைத்தவன் தினமும் கவனித்துக்கொள்கிறான், ஆகவே இன்றைய வேலையைச் செய் என்பது ஒன்று. இது ஞானியின் பேச்சு. முடிவு வாசலில் நிற்கிறது, இனிச் சோறு எதற்கு, துணி எதற்கு என்பது மற்றொன்று. முதலில் இவற்றைச் சொல்லித் திரிந்தவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் நம்பியிருக்கக்கூடும். எனக்கு இருபது நிமிடம்தான் இருந்ததால் முதலாவதோடு நின்றுகொண்டேன். தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ என் தலையைப் பார்த்து, “ஆண்டவருக்கு அங்க வேலை கம்மி” என்றார்.

மச்சான் கையைத் தூக்கினான்.

“இன்னா மாமா, பாதிய முழுங்கிட்டீங்களே! இன்னிக்குப் பூத்திருக்கிற புல்லு நாளைக்கு அடுப்புல பூடும்னு அங்கயே கீதே. அந்த அடுப்பு இன்னா? முடிவுதான?”

“டேய், அடுப்பு இல்லாம கல்யாணத்துக்குச் சோறு எப்படிடா வேகும்?” என்றாள் என் மனைவி.

அப்போதுதான் என் நோட்டுப் புத்தகத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. பதினான்கு வரை எண்ணினேன். அதன் பிறகு எண்ண முடியவில்லை, கூரையே ஒழுகியது. மச்சான் பேண்டை மடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். பின்னால் நான். அங்கே கணுக்கால் அளவு தண்ணீர். மழைநீர் இறங்கும் குழாயின் வாய்க்குள் அவன் கையை விட்டான். வந்தது இட்லி. கல்லாகிப்போன இட்லி, ஊறிய இட்லி, வேப்பிலை போர்த்திய இட்லி, அரை வடை, யார் வீட்டுக் கோழியின் கால் எலும்போ ஒன்று. தண்ணீர் சத்தத்தோடு இறங்கியது.

அவன் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.

“மாமா, காக்கா சேத்து வெச்சுகினு கீது.”

என் வசனம், ஏழு நாள் கணக்கு, எல்லாம் குழாயோடு போயிற்று.

“அதுக்கு ஜனவரி வரும்னு தெரிஞ்சு கீது” என்றான் மெதுவாக. கீழே இறங்கி, ஐந்து நாற்பதுக்கு ஓலையில் கையெழுத்துப் போட்டான். பெண் அதை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, தானே குடை பிடித்துப் போதகர் வீட்டுக்கு ஓடினாள்.

ஒரு பத்து நிமிடம் நான் கவலையில்லாமல் இருந்தேன். பிறகு மச்சான் தலையைச் சொறிந்தான்.

“உலகம் முடியப் போவுதுன்னு ஒண்ணுமே சேக்கல மாமா. பிரியாணிக்குக் கைல பைசா இல்ல.”

“அடப்பாவி! முந்நூற்று இருபது பேர்டா!”

“கவலப்படாதீங்கன்னு இப்பதான சொன்னீங்க? காக்காவுக்கு மேலருந்து வந்துச்சுல்ல? யாரு வெச்சா?”

பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் மேலே பார்த்தாள். இந்த முறை சிரிக்காமலிருப்பதற்காக.

மொட்டை மாடிப் பூச்சு, முந்நூற்று இருபது பேருக்குப் பிரியாணி, ஏழு நாள் இட்லி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்து இருநூற்று எழுபத்தோரு ரூபாய்.