டோக்கனம்மா கட்டிய பக்கம்

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவளுக்கு டோக்கனம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கட்டினவரே மறந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பஸ் ஓட்டுகிற மனுஷர். கேலி பேசாவிட்டால் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

விடிந்ததும் விடியாததுமாக, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பது டோக்கனம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்தே போனில் நேரம் வாங்கிக்கொள்ள ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்றாள். டாக்டர் அதைச் செய்து தரச்சொல்லி வெளியே ஒரு கம்பெனியிடம் பேசினார். "ஒரு மாசம் பொறுங்க டாக்டர், நானே செஞ்சு காட்டறேன்" என்று வாயை விட்டுவிட்டாள்.

மதிய இடைவேளைகளில் வீடியோ பார்த்தே கற்றாள். எழுத்தும் பொத்தானும் பக்கத்துக்கு எலும்பு. நிறமும் இடைவெளியும் அதற்கு உடுத்துகிற துணி. அமுக்கினால் வேலை செய்ய வைக்கிற கட்டளைதான் உயிர். இதற்குமேல் படித்தவர்கள் எத்தனை சொன்னாலும் சரி, அதெல்லாம் அலங்காரம்தான்.

காட்டவேண்டிய நாளும் வந்தது. அவளுக்கு ஒரு குணம், கரண்டியைக்கூட உயரப்படிதான் மாட்டுவாள். பக்கத்தின் அடியில் தனியாகக் கிடந்த கட்டளைகளை அன்று காலை வீட்டில் உட்கார்ந்து தூக்கி, உச்சியில் நிறத்துக்கான வரிகளுக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கினாள். பொத்தானை அமுக்கினாள். நேற்றுவரை ஓடினது, கல்லாட்டம் கிடந்தது. பதினோரு மணிக்கு டாக்டர் பார்ப்பார். ஓடாவிட்டால் கம்பெனிக்காரர்கள்தான்.

வேலைக்குக் கிளம்பின புருஷன் எட்டிப் பார்த்தார்.

"என்ன டோக்கனம்மா, பல்லு பிடுங்கின மாதிரி மூஞ்சி?"

"சும்மா இருங்க. இந்த வரி பொத்தானத் தேடுன்னு சொல்லுது. பொத்தான் இருக்கு. ஆனா கிடைக்கலங்குது."

"பொத்தான் எங்க இருக்கு?"

"கீழ."

"தேடச் சொன்னது?"

"மேல. பிரவுசர் மேலேர்ந்து வரி வரியாத்தான் படிச்சுட்டு வரும்."

"டிப்போவிலயே நின்னுக்கிட்டு, கடைசி ஸ்டாப்புல நிக்கிறவர ஏறுங்கன்னா எப்படிம்மா ஏறுவாரு?"

பிறக்காத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? கட்டளைகளை வெட்டி மறுபடி அடியிலேயே போட்டாள். பொத்தானுக்கு உயிர் வந்தது.

"போங்க, பஸ்ஸு போயிடப்போவுது" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நான் போனாத்தான்மா பஸ்ஸே போகும்."

பதினோரு மணிக்கு டாக்டர் தம் போனில் தம் பெயரையே போட்டு அமுக்கினார். மேசைமேலிருந்த கம்ப்யூட்டரில் பெயர் வந்து விழுந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கும் நேரம் குடுக்குதே. நான் தூங்க வேண்டாமா?"

"அத இன்னிக்கே அடைச்சிடறேன் டாக்டர்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத்தான் துடைத்தார்.

"அடைச்சிட்டு, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடும்மா."

நாள் முழுக்க உட்கார்ந்தே போன் பேசுகிறவள், அந்த ஒரு போனை மட்டும் எழுந்து நின்று பேசினாள். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள்.