படையல் குழம்புக்கு உப்பு

காணும் பொங்கலுக்கு மெட்ராஸே கிளம்பி வந்து எங்கள் கடற்கரையில் விழும். அன்று எங்களுக்கு ஏது பண்டிகை? மீன் வறுத்துப் போடவே கை போதாது. அதனால் எங்கள் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடு மறுநாள் மதியம்தான். போன பொங்கலுக்கு நான்கே பேர். நான், என் ஓரகத்தி, அவள் மகன், மருமகள். சோறு, சங்கரா மீன் குழம்பு, அப்பளம். பாயை விரித்தோமா, உட்கார்ந்தோமா, தின்றோமா என்று முடிகிற விருந்து.

ஓரகத்திக்கு மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுக்கும் தள்ளுவண்டி இருந்தது. அந்த அடுப்பின் முன்னால் நிற்கும்போது அவள் நடையே வேறு. மருமகளுக்கு அந்த அடுப்பின் மேல் ஒரு கண். "வயசாயிடுச்சு அத்த, நீங்க வூட்ல குந்துங்க" என்று சிரித்தபடியே சொல்லிக்கொண்டிருப்பாள். கரண்டியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் தனக்கு அந்த வீட்டில் தட்டு கழுவும் வேலைதான் என்று ஓரகத்திக்குத் தெரியும். கொடுக்கவில்லை.

ஆனால் மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவள் மூக்கையும் நாக்கையும் கொண்டு போயிருந்தது. வாசனை இல்லை, ருசி இல்லை. பால் தீய்ந்து தெருவே நாறும்போது, பக்கத்திலேயே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாளே, அன்றைக்கு நான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். சொல்லவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லிக் கருவாட்டை மூக்கடியில் நீட்டி, "மல்லியா, முல்லையாடி?" என்று கேட்டேன். "மல்லி" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம்.

அந்தப் பண்டிகைச் சாப்பாட்டுக்குக் குழம்பு தானேதான் வைப்பேன் என்று நின்றாள். மருமகள் பார்க்க வைக்க வேண்டும், அதுதான் கணக்கு. வந்த வினை என்னவென்றால், அது மாமனார் மாமியாருக்குப் படைக்கிற குழம்பு. படைத்து, காக்கைக்கு வைக்கிறவரை எங்கள் வீட்டில் யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. கொதி வரும்போது மோந்து பார்த்தே உப்பு சொல்ல வேண்டும்.

கொதி வந்தது. அவள் மெதுவாக என் முந்தானையை இழுத்தாள்.

"அக்கா, மோந்து பாரு. உப்பு இன்னா மாரி கீது?"

மோந்தேன். அளவாக இருந்தது. கை மறக்கவில்லை அவளுக்கு. ஆனால் உடனே சொல்லிவிட்டால் அதில் என்ன விளையாட்டு இருக்கிறது?

"என்னிய ஏண்டி கேக்கிற? மாமியாருக்குத்தான படைக்கிற? அவளயே கேளு. உசுரோட இருந்தப்பவே உன் குழம்புல நொட்ட சொன்னவதான."

"வெளாடாத அக்கா."

அதற்குள் மருமகள் இலையோடு உள்ளே வந்துவிட்டாள். பேச்சு அதோடு நின்றது.

படைத்தோம். காக்கை வந்தது. உட்கார்ந்தோம். மகன் அள்ளி அள்ளித் தின்றான். மருமகள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்புறம் மாமியார் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா அத்த, உப்பே போடல போலக்கீதே?"

மகன் தலையைத் தூக்கினான். மருமகள் முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். என் வாயில் மீன் இருந்தது. முள்ளைத் துப்பிவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"ஆமாண்டி, நானும் இப்பதான் நெனச்சேன். கம்மியாத்தான் கீது." உப்பு ஜாடியை இழுத்து ஒரு சிட்டிகை எடுத்துப் பிசைந்து தின்றாள். "ம், இப்ப சரியாப் போச்சு."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அத்த. சப்புனு கீது."

போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

அதையும் போட்டுப் பிசைந்து, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் விழுங்கினாள். மகன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"ம்மா, உப்பு முன்னயே சரியாத்தான் இருந்திச்சு."

மருமகள் அவனுக்கு ஒரு அப்பளம் எடுத்து வைத்தாள். "இவங்களுக்கு ருசி தெரியலன்னு நான் அப்பவே சொன்னேன், நீ கேக்கல. ஜனங்க வந்து துன்ற எடம். கெட்டுப்போன மீனுன்னு இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

 

"நாளையிலேந்து வண்டிய அவ பாத்துக்கட்டும்மா" என்றான் மகன், கை கழுவிக்கொண்டே.

ஓரகத்தி இலையில் இருந்ததைத் தின்றுகொண்டே இருந்தாள். "வுட்டுத் தொலடி, வெறும் உப்பு" என்று இலையைப் பிடித்தேன். "சோத்த கொட்டக் கூடாது அக்கா" என்று கையைத் தள்ளிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு பின்கட்டில் பாத்திரம் தேய்த்தபடி கேட்டாள். "அப்ப மோந்தியே, சரியாத்தான் இருந்திச்சா?"

"சரியாத்தான் இருந்திச்சு."

"அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஜாடியத் தொட்டிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பித் தந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிப் பக்கம் போனேன். அடுப்பில் மருமகள் நின்றாள். வண்டிக்குப் பின்னால், மணலில் ஒரு சாக்கு விரித்து, இவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாடி, அழுதுகினு கீற?"

"வெங்காயம் அக்கா" என்றாள் நிமிராமல். "வாசனதான் வரல. எரியிறது நல்லாவே எரியுது."