மஸ்கட்டுக்கு மூச்சு முட்டிய வெள்ளிகள்

அந்த யோசனை வந்தபோது நான் தலை முழுக்க ஷாம்பு நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹோல், ஹோலின் மூலையில் என் செல்லப்பிராணி மஸ்கட்டின் கூடு. கூட்டுக்குள்ளிருந்து பழுதான பேனையின் பொத்தானை யாரோ அமத்தி அமத்தி விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மஸ்கட்டுக்கு மறுபடியும் மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. போன தடவை இந்தச் சத்தம் கேட்டபோதும் என் கண்ணில் ஷாம்பு எரிந்தது. அதற்கு முந்திய தடவையும் எரிந்தது. எங்கள் வீட்டில் தலைக்கு ஷாம்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

"உம்மா! இதுக்கு வருத்தம் வெள்ளிக்கிழமையிலதான் வருகுது!" என்று நுரையோடு வெளியே ஓடினேன்.

உம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். "முதல்ல தலையக் கழுவிட்டு வா புள்ள. நிலமெல்லாம் தண்ணி."

பெரிய கண்டுபிடிப்புகளுக்கு எங்கள் வீட்டில் கிடைக்கும் வரவேற்பு அவ்வளவுதான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கொழும்பில் உடுப்புக் கடையில் நின்ற மாமா, உம்மாவின் தம்பி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். வாலில்லை. காது பூவிதழ்போலத் தொங்கியது. ஒன்று கடும் மண்ணிறம், மற்றது செம்மஞ்சளும் வெள்ளையும். மண்ணிறத்துக்குத் தொதல் என்றும் செம்மஞ்சளுக்கு மஸ்கட் என்றும் உடனேயே பெயர் வைத்துவிட்டேன். அன்று வீட்டில் இரண்டு இனிப்பும் இருந்தன.

"இது என்ன சாமான்?" என்று உம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"கினிபிக்."

"என்னது?"

"கினி, ராத்தா. கினி எண்டு செல்லுங்க, போதும்," என்று மாமா அவசரமாகப் பெயரைப் பாதியில் வெட்டினார். அன்றிலிருந்து அவை எங்கள் வீட்டில் கினிகள். பின்பாதியை யாரும் வாயில் எடுத்ததில்லை.

நாங்கள் இருந்தது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த தொடர்மாடி வீட்டில், இரண்டாம் மாடி. அந்த வீடுகளில் சமைத்தால் மணம் அடுத்த வேளைவரை நிற்கும், கதைத்தால் கதை கீழ்வீடு வரை போகும். கினிகளைப் பார்க்க மாடி முழுக்கத் திரண்டு வந்தது. தொதலுக்கு மூக்கில் சளி வடிந்து, விலா எகிறத் தொடங்கியபோது உம்மா காரணம் தேடி அலையவில்லை. கண்ணூறு என்று சொல்லிவிட்டார்.

நான் நம்பவில்லை. எனக்கு விஞ்ஞான டீச்சர் இருந்தார். கூட்டுக்குள் போட்ட மரத்தூளில் தூசி என்று நினைத்து, அதை மாற்றி உமி போட்டேன். உமியிலும் தூசி. பிறகு வாப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்து விரித்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். வல்லாரையைக் கழுவி, துடைத்து, வெயிலில் காட்டிக் கொடுத்தேன். தோடம்பழச் சுளை ஊட்டினேன். வாப்பா தொதலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். மாடும் ஆடும் நின்ற வரிசையில் சப்பாத்துப் பெட்டியோடு நாங்களும் நின்றோம். வைத்தியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது எங்கட ஊருச் சாமான் இல்லயே மகள்," என்றார். ஆனாலும் மருந்து தந்தார். தொதல் தேறியது. பிறகு திரும்பவும் விழுந்தது. தேறியது, விழுந்தது. விழும்போதெல்லாம் உம்மா கூட்டைப் பக்கத்தில் இழுத்து, சாம்பிராணிச் சட்டியைச் சுற்றிக் காட்டி, ஓதி ஊதுவார். கினிகளை வீட்டுக்குள் எடுக்கவே விரும்பாத உம்மா, தொதலின் தலையைச் சுண்டுவிரலால் தடவி, "வாயில்லாச் சீவன், என்னெண்டு செல்லும்?" என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தார்.

தொதல் ஒரு சனிக்கிழமை மௌத்தானது. வாப்பா அதை மாடிக்குப் பின்னால் முருங்கையின் கீழ் புதைத்தார். மஸ்கட் கூட்டின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டே அதன்பின் படுத்தது. கொஞ்ச நாளில் அதற்கும் அந்தப் பேனைச் சத்தம் தொடங்கிற்று.

அதனால்தான் ஷாம்பு நுரையோடு வந்த யோசனையை நான் விடவில்லை. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் நடக்கிறது என்று தேடினேன். முதலில் வாப்பாவின் அத்தரில் சந்தேகம் வந்தது. ஜும்ஆவுக்குப் போகுமுன் அவரைப் படிக்கட்டுக்கு அனுப்பி, அங்கே நின்று பூசிக்கொள்ளச் சொன்னேன்.

"ஊட்டுக்குள்ள மனிசனுக்கு மரியாதை இல்ல, கினிக்கு இரிக்கி," என்று வாப்பா சொல்லிக்கொண்டே படிக்கட்டில் நின்று பூசினார்.

பிரயோசனமில்லை. அத்தர் பூசுவதற்கு முன்பே, விடியுமுன் சுபஹுக்கு எழும்பும்போதே சத்தம் தொடங்கியிருந்தது. என் பிழை அங்கேதான். நான் வெள்ளியை விடிந்த பிறகு தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக் கலண்டரில் வெள்ளி விடியலில் தொடங்கலாம். எங்கள் வீட்டில் அது வியாழன் பொழுதுபட்டு, மகரிபோடு தொடங்கிவிடும். மகரிப் தொழுததும் உம்மா சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு, யன்னல்களைச் சாத்தி, அறை அறையாகக் கொண்டுபோவார். வெள்ளிராவு. திரைச்சீலை மறையும் அளவுக்குப் புகை. அதற்குள் இருந்து குர்ஆனில் யாசீன் ஓதுவார். மற்ற வீடுகளில் பேருக்குக் கொஞ்சம் காட்டுவார்கள், கீழ்வீட்டில் அதுவும் இல்லை; இவ்வளவு புகை எங்கள் வீட்டில் மட்டும்தான்.

அடுத்த வியாழன் பின்னேரம் அஸருக்கே மஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு ராத்தாவிடம் போய்விட்டேன். காலையில் காதை அதன் விலாவில் வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. எனக்கு ஓடி ஓடி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மெல்ல மெல்லத் தொடங்கியது. திரையிலும் குஷனிலும் நின்ற மணமே போதுமாக இருந்தது. வைத்தியரிடம் மறுபடி போனபோது அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "புகை ஆகவே ஆகாது மகள். இதுட நெஞ்சு ஏற்கனவே பழுது. இன்னும் ரெண்டு மூண்டு தரம் இப்பிடி வந்தா தாங்காது."

நான் அதை வீட்டில் சொன்ன விதம் இன்றைக்கும் காதில் கேட்கிறது. பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவள் சொல்வதுபோலச் சொன்னேன். "உம்மா, கண்ணூறும் இல்ல ஒண்டும் இல்ல. உங்கட சாம்பிராணிதான்."

மாமா லீவில் வந்திருந்தார். அவர் கொழும்பு போனபிறகு தாடியும் புதிய விளக்கங்களும் வைத்திருந்தார். "நான் செல்லல்லயா ராத்தா? இதெல்லாம் மார்க்கத்துல இல்ல எண்டு. இப்ப கினியும் செல்லுது."

"நீ கதைக்காத," என்றார் வாப்பா. அவர் மாமாவிடம் அப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உம்மா கூட்டின் பக்கத்தில் குந்தி, மஸ்கட்டைப் பார்த்தார். "நான்தானா புள்ள உனக்கு இதச் செய்த?" என்று அதனிடம் கேட்டார்.

அந்த வியாழன் உம்மா சிரட்டைகளை பல்கனியில் அடுக்கினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் உரப்பையில் போட்டார். மகரிபுக்குப் பிறகு முசல்லாவை விரித்து அதில் உட்கார்ந்து யாசீனைத் தொடங்கினார். நடுவில் நிறுத்திவிட்டார். யன்னல்கள் திறந்திருந்தன. மஸ்கட் கெக்கரித் தோலைக் கறுக்குக் கறுக்கென்று கடித்தது. அந்தக் கறுக்குச் சத்தம்தான் அன்று வீட்டில் எனக்குப் பெரிதாகக் கேட்டது. வெற்றி என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமும் சொன்னேன். வகுப்பில் கை தட்டினார்கள்.

மஸ்கட் தின்னத் தொடங்கியது. உம்மா தின்பதைக் குறைத்துவிட்டார்.

எனக்கு முன் ஒரு நானா, உம்மாவின் மூத்த பிள்ளை, இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கடல் வந்த அன்று அவருக்கு நான்கு வயது. மையித்துக் கிடைக்கவில்லை, அதனால் கபுறும் இல்லை. படமும் பழைய வீட்டோடு போய்விட்டது. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். நானா என்பது எனக்கு எங்கள் பழைய முகவரி மாதிரி, கேட்டால் சொல்லத் தெரிந்த ஒரு விசயம். மாடியிலிருந்து கடலுக்கு நடந்தே போகலாம். வாப்பா என்னைப் பின்னேரங்களில் கூட்டிக்கொண்டுபோய்க் கச்சான் கடலை வாங்கித் தருவார். உம்மா ஒருநாளும் வந்ததில்லை. மணல் செருப்புக்குள் போகும், அது உம்மாவுக்குப் பிடிக்காது என்று நானாகவே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு மேலே ஏறி வந்தேன். உம்மாவும் கீழ்வீட்டு ராத்தாவும் மேல் படிக்கட்டில் இருந்தார்கள். என்னைக் காணவில்லை; நான் கீழ்த் திருப்பத்திலேயே நின்றேன்.

"கினியத் தாங்க, நான் வச்சிரிக்கன்," என்றார் ராத்தா.

"புள்ள அழும். ஒண்டு மௌத்தானதுக்கே எவ்வளவு அழுதாள்."

"அப்ப புகையில்லாம ஓதுங்களேன். ஓதுறதுதானே போய்ச் சேரும்."

உம்மா தலையாட்டி மறுத்தார். "வெள்ளிராவுல எல்லாரும் அவங்கவங்கட ஊட்டுக்கு வருவாங்க எண்டு செல்றாங்க. இந்த ஊட்ட அவன் காணல்லயே ராத்தா. பழைய ஊடும் இல்ல. வாசம் இல்லாட்டி என்னெண்டு வருவான்?"

ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. எனக்கு யோசனை வந்தது. டீச்சர் வகுப்பின் மூலையில் அத்தர்ப் போத்தலைத் திறந்து வைத்து, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைவரை மணம் எப்படிப் போகிறது என்று காட்டியது அந்த மாதம்தான். வாசம் வாயு, வாயு பரவும், காற்றிருந்தால் இன்னும் பரவும். யன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் காட்டினால் வெளியே இருக்கிறவருக்கு எப்படி மணக்கும்? முழுவதும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறார்களே!

இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னேன். "உம்மா, சாம்பிராணியக் கடற்கரையில காட்டுவம். அங்க நல்ல காத்து. மஸ்கட்டுக்கும் ஒண்டும் ஆகாது. நானாவுக்கும் கிட்ட."

வாப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

உம்மாதான் கதைத்தார். "ஓம். போவம்."

வியாழன் மகரிபுக்குக் கொஞ்சம் முன்னால் போனோம். வாப்பா மோட்டார் சைக்கிள் ஓட்ட, நடுவில் நான், பின்னால் உம்மா. சட்டி ஒரு இரும்பு வாளிக்குள் என் மடியில் சூடாக இருந்தது. கரையில் பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். தோணிகளை இழுத்துப் போட்டிருந்த இடம் வரைக்கும் உம்மா வந்தார். அதற்கப்பால் வரவில்லை. ஒரு தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடல் இவ்வளவு கிட்டத்துலயா இரிக்கி?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா. எப்பவும் இவ்வளவு கிட்டத்தான்," என்றேன். எனக்குத் தெரிந்த ஒன்றை உம்மா கேட்டதில் சந்தோஷம்.

வாப்பா மணலில் குந்தித் தணலைக் கையால் மறைத்தார். உம்மா சாம்பிராணியைத் தூவினார். ஒரு நூல் அளவு புகை எழும்பியது, எழும்பியதும் காற்று அதைப் பிய்த்தது. மறுபடி தூவினார். தணல் பொறி பொறியாகப் பறந்து, சாம்பல் அவருடைய அபாயாவின் மேல் விழுந்தது. வாப்பா முதுகைத் திருப்பி மறைத்துப் பார்த்தார். நானும் மறுபக்கம் மறைத்தேன். கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் கறுத்த சிரட்டைத் துண்டுகள்தான் கிடந்தன. பாங்கு சொன்னார்கள். பொடியன்கள் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். உம்மா சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாசீனில் ஒரு வரிகூட வாய்விட்டு ஓதாமல், தோணிக்குப் பக்கத்திலேயே நின்றார். வாப்பா தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். வழிநெடுக அவருடைய கை என் வயிற்றை வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்திருந்தது. வண்டியிலிருந்து விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்து, "விழமாட்டன் உம்மா," என்றேன்.

குறை எங்கே என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. காற்று. சட்டி அகலம், வாய் திறந்தது. பால்மா டின் ஒன்றை எடுத்து, ஆணியால் சுற்றிவர ஓட்டை போட்டு, மூடிக்குக் கம்பிப் பிடி வைத்தேன். உம்மா அதைக் கையில் வாங்கி, சீலைத் துணியால் உள்ளும் புறமும் துடைத்தார். "நல்லாத்தான் இரிக்கி மகள்," என்று சொல்லி, அடுப்படித் தட்டின் மேல் வைத்தார். அவருடைய கை ஏன் அந்தத் தட்டில் அவ்வளவு நேரம் நின்றது என்று நான் கேட்கவில்லை. மஸ்கட் அன்று சத்தமில்லாமல் மூச்சுவிட்டது. இன்னும் ஒரேயொரு சின்ன வேலைதான் மிச்சம் என்று நான் நம்பினேன். வருகிற வெள்ளிராவு காற்று வரும் கடல் பக்கத்து ஓட்டைகளை மட்டும் களிமண்ணால் அடைக்க வேண்டும். உம்மா தோணியடியில் நின்றால் போதும். டின்னை நான் தண்ணீர் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன், அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.