நிபோங் திபாலில் நான் கயிறு இழுத்த மே தினம்

கிராமப்புற ஆய்வுக்குப் பினாங்குப் பக்கம் எங்கே போகலாம் என்று கேட்டு மாணவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எண்பதுகளின் பின்பாதியில் நான் பினாங்குத் தீவில், கெலுகோர் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் தோட்டத்தில் மூன்று நாள் தங்கி, அங்குள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்பது பாடத்தின் ஒரு பகுதி. மே தின விடுமுறையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், கேள்வி கேட்க வசதி என்று நான்தான் நாள் பார்த்தேன். கூட வந்தவள் வகுப்புத் தோழி ரொஹானா. மலாய்க்காரி, பேச்சுத் தமிழ் பாதி புரியும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. அப்போது நான் எண்பது கிலோ. எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அரசாங்கக் குமாஸ்தா. ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் அம்மா, "சோத்தைக் குறை பிள்ளை, நாளைக்கு ஆர் வந்து பொம்பிளை பாக்கிறது?" என்பார். பேருந்தில் இருவர் இருக்கை முழுதாகக் காலியாக இருந்தால்தான் உட்காருவேன். புகைப்படம் எடுத்தால் பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

காலையில் படகுத்துறைக்குப் பேருந்து, அங்கிருந்து ஃபெரி. தீவிலிருந்து போகும்போது காசு கிடையாது, திரும்பி வரும்போதுதான் சில்லறை போட வேண்டும். பட்டர்வொர்த்தில் ஏறிய பேருந்து எல்லா ஊரிலும் நின்று நின்று போனது. முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம். நிபோங் திபால் கடைத்தெருவில் ஒரு டாக்சி பிடித்தோம். மூன்று வெள்ளி, அதாவது மூன்று ரிங்கிட்.

"எஸ்டேட்டுக்கா? இன்னைக்கு வீட்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க லா" என்றார் ஓட்டுநர். "எல்லாம் பாடாங்லதான். விளையாட்டுப் போட்டி."

செம்மண் பாதையில் ரப்பர் மரங்களைத் தாண்டியதும் அவர் சொன்ன பாடாங், விளையாட்டுத் திடல், வந்தது. ஊரே அங்கேதான் இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, ஐஸ் வண்டி, சாக்கில் காலை விட்டுக் குதிக்கும் பிள்ளைகள். ஒரு மரத்தடியில் கொழுத்த ஆட்டுக்கடா ஒன்று கட்டியிருந்தது. பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிக்கு அதுதான் பரிசு.

நாங்கள் தங்க வேண்டிய வீட்டின் லெட்சுமி அக்கா, பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். அவர்தான் அணித் தலைவி. நாங்கள் போனபோது தலையில் கைவைத்து நின்றார். கயிற்றின் கடைசியில் நின்று கனம் கொடுக்கும் பூங்கோதையின் தங்கைக்கு விடியற்காலையில் பிரசவ வலி. பூங்கோதை துணைக்கு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேர். எதிரணியான பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் மூன்று வருடமாகத் தோல்வி வேறு.

அக்கா ரொஹானாவைப் பார்த்தார். "இந்தப் புள்ள காத்துல பறந்துரும்." பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான், ஆனால் அதோடு சேர்ந்து ஒரு சிரிப்பு மலர்ந்தது புதிது.

"தங்கச்சி, எத்தன கிலோ இருப்ப?"

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"எண்பதா! ஐயோ சாமி, எங்கடி இருந்த இத்தன நாளா?"

ஏழு பெண்களும் கைதட்டினார்கள். நான் பார்க்கத்தான் வந்தேன், ஆய்வுக்கு என்று ஏதோ முனகினேன். யாரும் கேட்கவில்லை. எதிரணியினர்தான் கேட்டார்கள். "வெளியாளு! செல்லாது!" என்று ஒரே கூச்சல். நடுவராக நின்ற கிராணி, தோட்ட அலுவலக எழுத்தர், என்னிடம் வந்தார்.

"எங்கம்மா தங்குற?"

"இங்கதான், லெட்சுமி அக்கா வீட்ல. மூணு நாள்."

"தோட்டத்துல தங்குற ஆளுதான். இழுக்கலாம்" என்று விசிலை எடுத்தார்.

கயிற்றின் நுனியை என் இடுப்பில் சுற்றினார்கள். துப்பட்டாவால் மறைத்தே பழகிய இடுப்பு. முதல் இழுப்பில் செருப்பு வழுக்கி மண்ணில் விழுந்தேன். தோற்றோம். செருப்பைக் கழற்றி எறிந்தேன். இரண்டாவதில் ஜெயித்தோம். மூன்றாவதில் கயிறு எந்தப் பக்கமும் நகரவில்லை. கை எரிந்தது. கண்ணில் வேர்வை. ஓரத்தில் ரொஹானா, "தாரிக்! தாரிக்!" என்று, இழு இழு என மலாயில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் மெல்ல மெல்ல முன்னால் சறுக்கத் தொடங்கியது.

"உக்காரு தங்கச்சி! அப்படியே பின்னால உக்காரு!" என்றார் அக்கா.

குதிகாலை மண்ணில் புதைத்து, உள்ள கனம் முழுவதையும் பின்னால் சாய்த்தேன். சறுக்கல் நின்றது. அந்தப் பக்கம் ஒருத்தி தடுமாறினாள். அடுத்த நொடி எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்து கிடந்தோம். மேலே வானம் தெரிந்தது, சுற்றிலும் ஒரே சிரிப்பு.

மாலையில் பூங்கோதை திரும்பி வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். ஆட்டுக்கறி எல்லா வீட்டுக்கும் பங்கு போனது. எதிரணிப் பெண்களும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் லாரி ஏறினார்கள். நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

நாங்கள் தயாரித்துப் போயிருந்த கேள்விகளைக் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. மறுநாள் வேலை முடிந்ததும் பெண்கள் தாங்களே வந்தார்கள். கையெல்லாம் கொப்புளமாக இருந்த எனக்கு மருந்து தடவிக்கொண்டே பேசினார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நடப்போகிறார்கள், பெண்களுக்கு எவ்வளவு வேலை மிஞ்சும் என்று தெரியவில்லை, ஜுரு பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போவதா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. எங்கள் கட்டுரையில் உருப்படியாக இருந்ததெல்லாம் அந்தப் பேச்சுதான்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபாலுக்குக் கொமுட்டர் ரயில் உண்டு. ரயில், ஃபெரி நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள், தங்குங்கள். தரையில் உட்கார வசதியான உடை நல்லது. விளையாட்டிலோ சமையலிலோ கூப்பிட்டால், வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லாதீர்கள்.

அடுத்த ஏப்ரல் கடைசியில் விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எடுத்தால் லெட்சுமி அக்கா.

"பூங்கோதை வந்துட்டா, ஆளு சரியா இருக்கு. ஆனா ஒன்ன விட்டுட்டு எறங்க மாட்டோம்னு எல்லாம் சொல்லுதுங்க. வரியா?"

அந்த வருடம் எனக்குப் பாடமும் இல்லை, ஆய்வும் இல்லை. முதல் ஃபெரியிலேயே போய்விட்டேன்.